நான் கேட்டது ஜல்லி லாரியாம்

ஃபின்ட்லே, ஒஹாயோ
மார்ச் 16, ஞாயிறு

அன்பு மகள் கொரீனுக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நான் முழு சௌக்கியம், உன் அம்மா முக்கால் சௌக்கியம், மீதிக் கால் அவளுடைய இடுப்பு, அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். நீயும் மாப்பிள்ளை கேலமும் குழந்தை பிப்பாவும் அங்கே ஹோபார்ட்டில் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். பிப்பாவின் முதல் பல்லை ஃபோட்டோவில் பார்த்தோம், அம்மா அதைப் பல் என்கிறாள், எனக்கு பிஸ்கட் துண்டு போலத் தெரிகிறது, எதற்கும் ஒரு வரி எழுதிவிடு. போனில் பேசினால் என்ன என்று கேட்பாய். போனில் பேசினால் அம்மா பக்கத்திலேயே இருப்பாள், நான் சொல்ல வந்ததை அவளே சொல்லி முடித்துவிடுவாள், அதுவும் என்னைவிட நன்றாக. அதனால்தான் காகிதம்.

புது லாரி ஆர்டர் கொடுக்கப்போகிறோம் என்று கிறிஸ்துமஸ் சமயத்தில் சொல்லியிருந்தேன். பழையது ஒன்பது லட்சம் மைலைத் தாண்டிவிட்டது, வலது கதவைச் சாத்தினால் இடது கண்ணாடி இறங்குகிறது. கேலமின் அப்பா இன்னமும் நாங்கள் வீடு வீடாக பீட்சா கொடுப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறாராமே, அவருக்கு இந்த இடத்தை மட்டும் படித்துக் காட்டு. எங்கேயோ ஒரு கார் தொழிற்சாலையில் ஒரு பாகம் இல்லாமல் வேலை நின்றுபோகும், ஓர் ஆஸ்பத்திரிக்கு ஓர் இயந்திரம் உடனே வேண்டியிருக்கும், அந்த மாதிரி அவசரச் சரக்கை ஒருவர் ஓட்ட ஒருவர் பின்னாலிருக்கும் படுக்கை அறையில் தூங்க, நிற்காமல் கொண்டுபோய்ச் சேர்ப்பது எங்கள் தொழில். நான் முப்பத்தொரு வருஷம் பள்ளிக்கூடத்தில் வடிவகணிதம் சொல்லிக்கொடுத்தவன், உன் அம்மா இருபத்திரண்டு வருஷம் அதே பள்ளிக்கூடத்தின் பஸ்ஸை ஓட்டியவள், ஓய்வு பெற்றதும் இந்த யோசனையைக் கொண்டுவந்தது அவள்தான், நான் சரி என்றதுதான் என் வாழ்க்கையில் நான் செய்த ஒரே துணிச்சலான காரியம்.

வண்டிக் குலுக்கலில் இடுப்பு பிடித்துக்கொண்டு அவள் ஜனவரியில் சொன்னாள், "இன்னும் ஒரே ஒரு லாரி, எவரெட். இதுலயும் என்னால தூங்க முடியலன்னா வித்துப்போடு. நான் வான் வெர்ட்ல டாலி வீட்டுப் பக்கத்துல போய் தக்காளி போடறேன்." உன் சித்தி டாலிக்கு இதைக் கேட்டதிலிருந்து ஒரே சந்தோஷம், தக்காளிக்குக் கம்புகூட வாங்கி வைத்துவிட்டாள். எனக்கு இல்லை. எழுபத்தொரு வயதில் நான் தனியாக ஓட்டமாட்டேன், ஓட்டவும் முடியாது, அதைவிட, உன் அம்மா இல்லாமல் அந்த வண்டியில் ஏறுவதற்கே எனக்கு மனம் இல்லை. இதை நான் அவளிடம் சொன்னதில்லை, உன்னிடம்தான் சொல்கிறேன். ஆக, இந்த லாரி சரியாக அமைந்தே ஆகவேண்டும். வேலையைப் பிரித்துக்கொண்டோம், சேஸ் என்கிற அடிச்சட்டத்துக்கு மேலே இருப்பதெல்லாம் அவள் பொறுப்பு, அதாவது கட்டில், அடுப்பு, அலமாரி. சேஸும் அதற்குக் கீழே இருப்பதும் என் பொறுப்பு. அவள் தன்னுடையதை ஒரு காலைப்பொழுதில் முடித்துவிட்டாள். எனக்கு ஏழு வாரம் ஆயிற்று.

படிவத்தில் நாற்பத்தொரு வரிகள், ஒவ்வொரு வரியிலும் மூன்று நான்கு தேர்வுகள். முன் அச்சு எவ்வளவு தாங்க வேண்டும், பின்னால் குலுக்கலைத் தாங்க இரும்புக் கமான் பட்டையா காற்றுப்பையா, சேஸ் ஒற்றைச் சட்டமா, உள்ளே இன்னொரு சட்டம் வைத்த இரட்டையா, இப்படி. நான் ஒவ்வொன்றுக்கும் ஒரு தாள் போட்டு நன்மை தீமை எழுதினேன். என் குணம் உனக்குத் தெரியும், இரண்டு பக்கமும் சமமாகவே வந்தது. சமமாக வந்த இடத்திலெல்லாம் எதற்கும் இருக்கட்டும் என்று பெரியதைக் குறித்தேன். காற்றுப்பை வெடித்து நெப்ராஸ்காவில் இரண்டு நாள் நின்ற ஒருவர் இன்டர்நெட்டில் எழுதியிருந்தார், எனவே கமான் பட்டை. கமான் பட்டை என்றால் சேஸ் அதிகம் அதிருமே, எனவே இரட்டைச் சட்டம். இரட்டைச் சட்டம் கனம் ஆயிற்றே, எனவே இன்னும் இரண்டு பட்டை. படிவத்தை இரண்டு முறை சரிபார்த்து, லாரி விற்கும் ட்வெயின் லுட்ஸுக்கு அனுப்பினேன். வெள்ளிக்கிழமை மதியம் பன்னிரண்டு மணிக்குள் கையெழுத்துப் போட்டால் தொழிற்சாலையில் எங்கள் முறை உறுதி, அதற்குப் பிறகு சேஸில் துளை போட்டுவிடுவார்கள், ஓர் ஆணியைக்கூட மாற்ற முடியாது.

ட்வெயின் திங்கட்கிழமை கூப்பிட்டார். கொஞ்ச நேரம் வானிலை பேசினார், பேரன் பேஸ்பால் ஆடுவதைப் பேசினார். பிறகு, "எவரெட் சார், தப்பா நினைச்சுக்காதீங்க, இதுல நீங்க ஜல்லி ஏத்தப்போறீங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "ஏன்னா நீங்க எழுதிக் குடுத்திருக்கிறது ஜல்லி லாரி. மேல கட்டில் போட்ட ஜல்லி லாரி. பதினெட்டு வருஷமா விக்கறேன், இப்பதான் முதல்முறையா பார்க்கறேன்" என்றார். நான் கேட்டதெல்லாம் சேர்ந்தால் லாரியே அவ்வளவு கனமாம், நாங்கள் வழக்கமாக ஏற்றும் பன்னிரண்டாயிரம் பவுண்டில் பாதிதான் சட்டப்படி ஏற்ற முடியுமாம். அதுகூடப் பரவாயில்லை, அந்தக் கனமான பட்டைகள் முழுப் பாரம் இருந்தால்தான் வளையும், காலியாகப் போகும்போது ஒரு பலகையைப் போல நிற்கும், நாங்களோ பாதி நாள் காலியாகத்தான் போகிறோம், "அம்மாவ கட்டில்ல படுக்க வெச்சா கூரைல இருந்துதான் எடுக்கணும்" என்றார். உன் அம்மா ஸ்பீக்கரில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். "விடுங்க ட்வெயின், வாத்தியார் என்னைப் பத்திரமா வெச்சுக்கணும்னுதான் பார்க்கறாரு, சரக்கோட சேர்த்து" என்றாள்.

புதன்கிழமை நாங்கள் இண்டியானாவில் ஷிப்ஷெவானா பக்கம் படுக்கை அறை கட்டும் பட்டறைக்குப் போனோம். அங்கே கட்டிலும் அலமாரியும் செய்பவர் மார்வின் யுட்ஸி என்ற ஆமிஷ்காரர், நாற்பது வயது இருக்கும், தாடி, தொப்பி, அவர்கள் சபையில் மோட்டார் வண்டி ஓட்டக் கூடாது, குதிரை வண்டியில்தான் வேலைக்கு வருகிறார், ஆனால் லாரிக்குள் மனிதன் எப்படித் தூங்குவான் என்பது அவருக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது. பட்டறைக்குப் பின்னால் அவர்களுடைய சொந்தப் பாதை ஒன்று, குறுக்கே பழைய தண்டவாளம், அதற்கு முன்னும் பின்னும் பனிக்காலம் விட்டுப்போன பள்ளங்கள். ட்வெயின் இரண்டு லாரிகளைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார், இரண்டிலும் பட்டறைக்காரர்கள் கட்டில் பூட்டியிருந்தார்கள். ஒன்று காற்றுப்பை வைத்தது, மற்றது ஏறக்குறைய நான் எழுதிக்கொடுத்த அந்த மகா லாரி. அம்மா கட்டிலில் படுத்து, விழாமலிருக்க வலையைப் பூட்டிக்கொண்டு, ஒவ்வொரு தடவைக்கும் பத்துக்கு மதிப்பெண் தரவேண்டும், மார்வின் முன் இருக்கையில் உட்கார்ந்து அதை நோட்டில் எழுதவேண்டும் என்று ஏற்பாடு செய்தேன். "பரீட்சை வெக்காம இந்த ஆளால ஒரு ஸ்பூன் வாங்க முடியாது" என்று அம்மா மார்வினிடம் சொல்லிவிட்டுத்தான் படுத்தாள்.

முதலில் ஜல்லி லாரி, ஓட்டியது நான். தண்டவாளத்தைத் தாண்டியதும் பின்னாலிருந்து, "பூஜ்யத்துக்குக் கீழயும் போகலாமா, வாத்தியாரே?" என்று சத்தம் வந்தது. ஒரே தடவையோடு நிறுத்திக்கொண்டோம். அடுத்தது காற்றுப்பை லாரி, மூன்று தடவை ஓட்டினேன், ஐந்து, நான்கு, ஐந்து. எனக்கு மனசு விட்டுப்போயிற்று, மெத்தென்ற காற்றுப்பைக்கே ஐந்துதான் என்றால் தக்காளிதான். அப்போது ட்வெயின், தான் கொஞ்சம் ஓட்டிப் பார்க்கட்டுமா என்று கேட்டு, மூன்று தடவை ஓட்டினார். எட்டு, ஒன்பது, எட்டு. அதே லாரி, அதே பாதை, அதே வேகம். நோட்டை வாங்கிப் பார்த்தேன், மார்வின் சரியாகத்தான் எழுதியிருந்தார். மறுபடி நான் ஓட்டினேன், நான்கு. மாறியது ஒன்றே ஒன்று என்றால் காரணமும் அதுதான் என்று முப்பத்தொரு வருஷம் பிள்ளைகளுக்குச் சொன்னவன், அந்த நோட்டை வைத்துக்கொண்டு நிற்கிறேன் கொரீன். மார்வின்தான் மெதுவாக, "நீங்க பள்ளத்துக்கு நேரா போறீங்க சார். போய், பள்ளத்துக்குள்ள பிரேக் போடறீங்க. எங்க குதிரை கூட கொஞ்சம் ஒதுங்கும்" என்றார்.

உண்மைதான். நான் எப்போதும் கோட்டைப் பிடித்துக்கொண்டு நேராகப் போவேன். பள்ளம் வந்தால் பயத்தில் கால் தானாகப் பிரேக்குக்குப் போய்விடும், அது போய்ச் சேரும் நேரம் சரியாகப் பள்ளத்தின் நடுவில் இருப்பேன். அம்மா வலையைக் கழற்றிவிட்டு இறங்கி, "இப்ப நீ போய் படு" என்று சொல்லிவிட்டு, காற்றுப்பை லாரியில் ஏறவில்லை, வேண்டுமென்றே அந்த ஜல்லி லாரியில் ஏறினாள். நான் படுத்தேன். தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டேன், பல்செட்டையும் கழற்றலாமா என்று யோசித்தேன். தண்டவாளம் வருவதற்கு வெகு முன்பே வேகம் குறைந்தது, கொஞ்சம் இடப்பக்கம் போனது, தண்டவாளத்தில் ஏறும்போது பிரேக்கே இல்லை, ஒரு குலுக்கல், முடிந்தது. மனசாட்சிப்படி ஆறு போட்டேன். ஜல்லி லாரியில் உன் அம்மா ஓட்டினால் ஆறு, காற்றுப்பையில் நான் ஓட்டினால் ஐந்து. ஒன்பது வருஷமாக நான் பின்னால் குழந்தை மாதிரித் தூங்கியிருக்கிறேன், எனக்கு நல்ல தூக்கம் என்று ஊரெல்லாம் பெருமை பேசியிருக்கிறேன். ஒன்பது வருஷமாக அவள் இடுப்பை ஒடித்தது பழைய லாரியின் பட்டை இல்லை.

மதியம் அங்கேயே ஒரு சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்தோம், கோழியும் நூடுல்ஸும், அவளுக்கு மட்டும் கூடுதலாக இனிப்புக்கு ரூபார்ப் பை. ஏன் இத்தனை வருஷம் சொல்லவில்லை என்று கேட்டேன். அவள் இனிப்பைச் சாப்பிட்டுக்கொண்டே, "சொன்னா என்ன செஞ்சிருப்பே? சாவிய என் கைல குடுத்துட்டு, எனக்கு வராதுன்னு பின்னால போய் உட்கார்ந்திருப்பே. அப்புறம் நான் யாரோட ஓட்டறது? லாரிய மாத்தினா சரியாப் போயிடும்னு நானும்தான் நம்பிட்டேன்" என்றாள். நான் அதைத்தான் செய்திருப்பேன். அப்போதும் அந்த எண்ணம்தான் மனதில் இருந்தது, மேஜைக்குக் கீழே சாவி என் கையில்தான் இருந்தது. அவள் முட்கரண்டியால் என் கையைக் காட்டி, "அத பாக்கெட்ல போடு. சனிக்கிழமை டாலி வீட்டுக்கு நீதான் ஓட்டறே, நான் பின்னால படுத்துப்பேன். ஆறு வயசுப் புள்ளைங்க நாப்பது பேர வெச்சுக்கிட்டு ஓட்டினவ நான், ஒரு வாத்தியாருக்குச் சொல்லித்தர முடியாதா?" என்றாள்.

வெள்ளிக்கிழமை பதினொன்று நாற்பதுக்குக் கையெழுத்துப் போட்டேன். பின்னால் காற்றுப்பை, சரக்கு இறக்கும் மேடைக்குத் தக்கபடி பின்பக்கத்தைத் தாழ்த்துகிற வால்வோடு, சேஸ் நல்ல உருக்கில் ஒற்றைச் சட்டம், நீளம் அம்மாவின் கட்டிலுக்குத் தேவையான அளவு. முன் அச்சை மட்டும் நான் முதலில் எழுதியபடியே ஒரு படி பெரியதாக வைத்திருக்கிறேன், பெரிய படுக்கை அறையின் கனம் முன்னால்தான் விழும், அது சரிதான் என்று ட்வெயினே சொன்னார். நாற்பத்தொன்றில் ஒன்று சரி. பேனாவைத் திருப்பிக் கொடுத்த பிறகு வழக்கம்போலக் கூப்பிட்டு மாற்றச் சொல்லவில்லை.

சனிக்கிழமை பழைய லாரியிலேயே கிளம்பினோம். வியாழன், வெள்ளி இரண்டு நாளும் பள்ளிக்கூட மைதானத்தில் ஐஸ்கிரீம் டப்பாக்களை வைத்து ஒதுங்கப் பழகியிருந்தேன், ஒன்பது டப்பா நசுங்கிப் போயிற்று, பத்தாவதிலிருந்து ஒதுங்க வந்துவிட்டது. முப்பதாம் நம்பர் சாலை எப்படி இருக்கும் என்று உனக்கு நினைவிருக்கும், மார்ச் மாதத்தில் பல்லுப்போன வாய் மாதிரி. முன்கூட்டியே வேகத்தைக் குறை, ஒதுங்கு, விடு, என்று எனக்குள்ளேயே சொல்லிக்கொண்டு ஓட்டினேன். ஒதுங்கியதற்கு ஒரு பால் லாரிக்காரர் ஹாரன் அடித்தார், நான் மன்னிப்புக் கேட்பதுபோலக் கையைக் காட்டினேன், ஆனால் கோட்டுக்குத் திரும்பிப் போய்ப் பள்ளத்தில் விழவில்லை. பீவர்டாம் ஊரைத் தாண்டியதும் பின்னால் சத்தமே இல்லை. திரையைக் கொஞ்சம் விலக்கிக் கேட்டேன், குறட்டை. பகலில், நான் ஓட்டும்போது, உன் அம்மாவின் குறட்டையை நான் கேட்டதே இல்லை. வான் வெர்ட் வந்தது, அங்கே திரும்பவேண்டும், திரும்பும் இடத்தில் சிக்னல், சிக்னலுக்கு முன்னால் சாலையை வெட்டிப் போட்டிருந்தார்கள். அவளைக் குலுக்கி எழுப்ப என்னால் முடியவில்லை, கொரீன். நேராகப் போய்விட்டேன். அடுத்த திருப்பமும் மோசமாகத் தெரிந்தது. மாநில எல்லையைத் தாண்டி ஃபோர்ட் வெய்ன் பக்கம் டீசல் தீரப்போகிறது என்று விளக்கு எரிந்தபோதுதான் வேறு வழியில்லாமல் நிறுத்தினேன். திரும்பி டாலி வீட்டுக்கு வந்தபோது, அவள் சுட்டு வைத்த பன்றிக்கறி ஆறிப்போய் ஒன்றரை மணிநேரம் ஆகியிருந்தது, அவள் இன்னும் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

நீ அங்கே மலைப்பாதையில் பிப்பாவை வைத்துக்கொண்டு ஓட்டுகிறாய், பிரேக்கை முன்னதாகப் பிடித்து முன்னதாகவே விட்டுவிடு, கேலமுக்கும் சொல், அவன் நல்ல பிள்ளை, கேட்பான். உங்கள் பக்கம் குளிர் தொடங்கும் முன் டயரைப் பார்க்கச் சொல். புது லாரி ஆகஸ்டில் வரும், வந்ததும் படம் அனுப்புகிறேன். உங்கள் மூவருக்கும் எந்த நோய்நொடியும் அண்டாமல், வீடு நிறையச் சிரிப்போடு நீண்ட காலம் வாழ ஆண்டவர் அருளட்டும் என்று தினமும் சாப்பாட்டுக்கு முன் வேண்டிக்கொள்கிறேன். ஒன்றை மட்டும் மறக்காதே, அடுத்த ஞாயிறு போனில் பேசும்போது ஃபோர்ட் வெய்ன் வரை நான் ஏன் போனேன் என்பதை அம்மாவிடம் எடுக்காதே. வழி தவறிவிட்டேன் என்று சொல்லியிருக்கிறேன். அவள் ஒரு கேள்வி கூடக் கேட்காமல் உடனே நம்பிவிட்டாள், அதுதான் கொஞ்சம் வருத்தம்.

என்றும் உன் அன்பு அப்பா,
எவரெட் ஸ்டாக்ஹவுஸ்