பிரித்து வைத்த குப்பை

செவ்வாய்

விடியலில் இருந்தே தூறல். நேற்றுத் துவைத்த துணி இன்னும் ஈரம். பாப்பாவின் யூனிபோர்மை அடுப்புக்குப் பக்கத்தில் கதிரை போட்டுக் காய வைத்தேன். புகை வாசம். "அம்மா, நான் கருவாடு மாதிரி மணக்குறேன்" என்றாள். பதில் சொல்ல நேரமில்லை.

பாப்பாவின் அப்பா சிவா மறுபடியும் தேயிலைச் சக்கையை நீல வாளிக்குள் கொட்டியிருக்கிறார். பச்சை வாளி உக்கி உரமாகும் குப்பைக்கு. நீலம் பிளாஸ்டிக். சிவப்பு போத்தல், தகரம். சித்திரை மாதத்தில் இருந்து சொல்கிறேன். எட்டு வயதுப் பிள்ளைக்குப் புரிகிறது. அவருக்குப் புரியவில்லை. கையை விட்டு எடுத்து மாற்றினேன்.

பால் பைக்கற்றுகளைக் கழுவிக் கொடியில் போட்டேன். பிறகு எல்லாவற்றையும் தனித்தனிப் பையில் கட்டி, பாப்பாவின் பழைய மஞ்சள் பாவாடையைக் கிழித்த துணியால் முடிச்சுப் போட்டு சிவாவின் பைக்கில் தொங்கவிட்டேன். பாப்பாவை ஸ்கூலில் விடும் வழியில், கீழே குப்பை லொறியிடம் கொடுப்பது அவர் வேலை. நான் படிக்கட்டு வழியாக இறங்கி பஸ் பிடிப்பவள்.

பஸ்ஸில் பின்னால் ஒரு அம்மா: "மழையும் பெய்யுது, தண்ணியும் வருதில்ல. என்னா ஊரோ."

புதன்

கொம்போஸ்ட் பீப்பாயைக் குரங்குகள் உருட்டிவிட்டன. முட்டைக் கோதும் வாழைப்பழத் தோலும் முற்றம் முழுக்க. வேலைக்குப் போகும் சாரியோடு குனிந்து அள்ளினேன். சிவா ஜன்னலால் பார்த்துவிட்டு, "அதுக்குத்தான் சொன்னேன், மூடிக்கு மேல கல்லு வைன்னு" என்றார். கல் வைத்துத்தான் இருந்தேன். கல்லையும் உருட்டியிருக்கின்றன.

கிளினிக்கில் என்னோடு வேலை செய்யும் ருசைனா, திகனயில் இருந்து வருபவள், வந்ததும் வராததுமாக: "கலா, நீங்க சொல்லிச் சொல்லி நானும் மூணு கலர்ல வாளி வாங்கிட்டேன். எங்கட வீட்டுல எல்லாரும் சிரிக்கிறாங்க." டொக்டர் கூப்பிடும் வரை அவளுக்கு வகுப்பு எடுத்தேன். எந்தப் பை எப்படிக் கழுவ வேண்டும், எதை எதோடு கலக்கக்கூடாது. நன்றாகப் பேசினேன் என்று நினைப்பு.

நாளை போயா, பௌர்ணமி லீவு. தங்கச்சி வனிதா நாவலப்பிட்டியில் இருந்து மாலை ரயிலில் வந்துவிட்டாள். வத்தேகமைக்கு மேலே ஓடைக்குப் போகத் திட்டம். வாழையிலைச் சோறு, எவர்சில்வர் டம்ளர், துணிப்பை. ஒரு துண்டு பிளாஸ்டிக்கும் வரக்கூடாது என்று எல்லாருக்கும் சொல்லியாயிற்று.

வியாழன், போயா

எழுதவே மனமில்லை. எழுதாமலும் இருக்க முடியவில்லை.

காலையில் நல்ல வெயில். ஆட்டோவில் நானும் வனிதாவும் பாப்பாவும். சிவா பைக்கில் முன்னால். வீட்டுப் பாதை வளையும் இரண்டாவது முடக்கில் ஆட்டோ மெதுவானது. குப்பென்று நாற்றம். பள்ளத்தின் விளிம்பில் குப்பைக் குவியல், மேலே நாய்கள்.

வனிதா மூக்கைப் பொத்திக்கொண்டு, "சீ, யாரு இப்பிடிக் கொண்டாந்து கொட்டுறது?" என்றாள்.

பாப்பா எட்டிப் பார்த்து, "எங்க பேக்கும் இருக்கு சித்தி. அப்பா என்னைய ஸ்கூலுக்கு கூட்டிட்டுப் போறப்ப இங்கதான் வச்சிட்டுப் போவாரு."

சாதாரணமாகச் சொன்னாள். ஒளிக்க வேண்டிய விஷயம் என்றே அவளுக்குத் தெரியாது.

பார்த்தேன். மஞ்சள் துணி முடிச்சு. ஒன்றில்லை, பல. சிலவற்றை நாய் கிழித்து, நான் கழுவிய பால் பைக்கற்றுகள் சேற்றில்.

வனிதா என் முகத்தைப் பார்த்துவிட்டு வெளியே திரும்பிக்கொண்டாள்.

ஓடையில் தண்ணீர் தெளிவு. கால் விறைக்கும் குளிர். பாப்பா பாறைக்குப் பாறை தாவினாள். நான் இலையை விரித்துச் சோறு வைத்தேன், பருப்பு, சம்பல், பொரித்த முட்டை. எல்லாரும் நன்றாக இருக்கிறது என்றார்கள். எனக்கு இறங்கவில்லை. சிவா வழிக் கடையில் வாங்கிய சோடாப் போத்தலைப் பையில் இருந்து எடுத்தார். பிளாஸ்டிக்.

அதற்குத்தான் காத்திருந்தது போல வெடித்தேன். பக்கத்தில் குளிக்க வந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஒரு போத்தலுக்கா அக்கா இவ்வளவு?" என்று வனிதா மெதுவாகக் கேட்டாள்.

போத்தலுக்காக இல்லை என்பது அவளுக்கும் தெரியும். சிவாவுக்குத் தெரியவில்லை. போத்தலை மூடி திரும்பப் பையில் வைத்தார். அவர் காலில் அட்டை கடித்திருந்தது. பாப்பா உப்பு கேட்டு ஓடி வந்தாள். எடுத்துக் கொடுத்துவிட்டு நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

திரும்பி வந்து, வனிதா பாப்பாவைக் குளிக்க வைக்கும்போது கேட்டேன்.

"இத்தன நாளா எல்லாத்தையும் முடக்குலயா போட்டீங்க?"

ஈரத் துண்டைக் கொடியில் போட்டார். "லொறி நம்ம ரோட்டுக்கு வர்றத நிப்பாட்டிட்டாங்க. ஏத்தத்துல ஏறாதாம். கீழ மெயின் ரோட்டுக்கு வரும், எப்ப வரும்னு ஒருத்தருக்கும் தெரியாது. நான் பாப்பாவ விடணும், கடையத் தொறக்கணும். முதலாளி பூட்டுத் தொறப்ப எங்கிட்டதானே குடுத்திருக்காரு."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொன்னா அதுக்கும் ஒரு திட்டம் போடுவே கலா."

பிறகு அவரே, இறங்கிய குரலில்: "ஒவ்வொண்ணா கழுவிக் கொடியில காயப் போடுறே. அதப் பாத்துட்டு எப்பிடிச் சொல்றது."

இரண்டாவது சொன்னதை மட்டும் சொல்லியிருந்தால் அழுதிருப்பேன். முதலாவதையும் சொன்னதால் கோபம்தான் வந்தது.

வெள்ளி

வனிதா காலை ரயிலில் போய்விட்டாள். ஸ்டேஷனில்: "அத்தான் மேல கோவம் நியாயம்தான். ஆனா நீயும் வீட்டுல டீச்சர் மாதிரித்தான் பேசுற." அவளோடும் சரியாகப் பேசவில்லை.

ருசைனா நீல வாளியின் படத்தைப் போனில் காட்டினாள். நல்லா இருக்கு என்றேன். போனை உடனே திருப்பிக் கொடுத்தேன்.

சிவா தேயிலைச் சக்கையைப் பச்சை வாளிக்குள் போட்டிருக்கிறார். இத்தனை நாள் இல்லாமல் இன்று போய்.

சனி

மழை. பேச்சு: சோறு போடவா, போடு, அவ்வளவுதான். பாப்பாவுக்கு இருமல் இல்லை, நல்லது. அரிசி முடியப் போகிறது.

ஞாயிறு

பாப்பாவை அறநெறி வகுப்பில் விட்டுவிட்டு, உரப்பைகளையும் ரப்பர் கையுறையையும் எடுத்துக்கொண்டு முடக்குக்கு நடந்தேன். யாரையும் கூப்பிடவில்லை. பாதி அள்ளியிருப்பேன், பைக் சத்தம். சிவா. பழைய சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு பள்ளத்தில் இறங்கினார். அவருக்குக் கையுறை இல்லை. ஒன்றைக் கழற்றி நீட்டினேன். வாங்கிக்கொண்டார்.

மஞ்சள் முடிச்சு உள்ளவற்றை மட்டும் எடுக்கலாம் என்று வந்தேன். முடியவில்லை. எல்லாம் ஒன்றோடு ஒன்று. யாரோ பிள்ளைக்குக் கட்டிக் கழற்றிய பம்பர்ஸ், யாருடையதோ மீன் தலை.

பள்ளத்துக்குக் கீழே இருக்கும் வீட்டு ஆள் ஏறி வந்தார். கையில் தடி. குப்பை போட வந்தவர்கள் என்று நினைத்திருக்கிறார். சிங்களத்தில், சத்தம் போடாமல்தான் கேட்டார்: மழை பெய்தால் இதெல்லாம் எங்கள் ஊற்றுப் பீலித் தண்ணீரில்தான் இறங்குகிறது, நாங்கள் அதைத்தான் குடிக்கிறோம், உங்களுக்கெல்லாம் இது தெரியாதா?

நாங்கள் அள்ளத்தான் வந்தோம் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் சிவா நிமிர்ந்து, சிங்களத்திலேயே, "இதில் எங்கள் வீட்டுக் குப்பையும் இருக்கிறது. போட்டது நான். இவளுக்குத் தெரியாது" என்றார்.

அந்த ஆள் இதை எதிர்பார்க்கவில்லை. சிவாவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். திட்டவும் இல்லை, பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. தடியைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கிப் போய்விட்டார்.

சிவாவின் காதெல்லாம் சிவந்திருந்தது. நான் பையின் வாயைப் பிடித்தேன், அவர் அள்ளிப் போட்டார். வெயில் ஏறும் வரை அள்ளினோம். கோபம் போய்விட்டதா என்று கேட்டால், இல்லை. ஆனால் பையைப் பிடிக்க முடிந்தது.

குவியலில் பாதி இன்னும் அங்கேயே. பைகள் எங்கள் முற்றத்தில். வீடே நாறுகிறது.

திங்கள்

தூறல். பாப்பாவைப் பக்கத்து வீட்டு ஆட்டோவில் அனுப்பினோம். நான் அரைநாள் லீவு. சிவா கடை முதலாளிக்குப் போன் பண்ணி, பிந்தும் என்று மட்டும் சொன்னார். முதலாளி அந்தப் பக்கம் கத்தியது எனக்கும் கேட்டது. பைகளை ஒவ்வொன்றாக மெயின் ரோட்டுக்கு இறக்கினோம்.

நெடுநேரம் நின்றோம். குடை ஒன்றுதான். பஸ் போகும்போதெல்லாம் சேறு தெறித்தது.

லொறி வந்தது. பின்னால் நின்றவர் பையைத் திறந்து பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். இன்றைக்கு உக்குகிற குப்பை மட்டும்தானாம். கலந்ததை எடுக்க முடியாதாம். சிவா அங்கேயே ரோட்டோரத்தில் குந்தி, பையைக் கவிழ்த்துப் பிரிக்கத் தொடங்கினார். நானும் குந்தினேன். பிளாஸ்டிக் எது, உக்குவது எது என்று அவர் என்னிடம் ஒரு தடவையும் கேட்கவில்லை. ஒன்றும் மாறிப் போகவில்லை. லொறிக்காரர் ஹோர்ன் அடித்தார், ஆனால் நின்றார். பிரித்தெடுத்த உக்கும் குப்பையை எல்லாம் ஏற்றினோம். லொறி போய்விட்டது.

மிச்சம் இரண்டு பை. பிளாஸ்டிக். அதற்கு எந்த நாள் என்று கேட்க மறந்துவிட்டோம்.

"இங்கயே ஓரமா வச்சிட்டு கடைக்குப் போங்க. சாயங்காலம் ரெண்டு பேருமாத் தூக்குவோம்" என்றேன்.

"வேணாம்" என்றார். ஒன்றைத் தோளில் ஏற்றிக்கொண்டு வீட்டுப் பக்கம் ஏற்றத்தில் நடந்தார். மற்றதை நான் இழுத்துக்கொண்டு பின்னால்.