மாதம் நாற்பது தோட்டா

பெமிட்ஜி, மினசோட்டா
ஜனவரி 18, 2021

அன்புள்ள வெர்னன்,

இங்கே நானும் மார்லிஸும் நலம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? மகள் கொலீன் உனக்கு உப்பில்லாமல் சமைத்துப் போட்டு உயிரை வாங்குகிறாள் என்று எழுதியிருந்தாய். அவள் செய்வது சரிதான்.

ஜனவரி மாதத்துக் குறி அட்டைகளை இத்துடன் வைத்திருக்கிறேன். எண்ணிப் பார்த்துவிட்டுச் சிரிக்காதே. நீ ஐடஹோவுக்குக் குடிபோனதிலிருந்து பதினோரு வருஷமாக நாம் மாதம் நாற்பது தோட்டா சுட்டு, அட்டைகளைத் தபாலில் மாற்றிக்கொண்டு, நீ எனக்கும் நான் உனக்கும் மதிப்பெண் போட்டுக்கொண்டிருக்கிறோம். இவ்வளவு கேவலமான அட்டையை இதுவரை உனக்கு அனுப்பியதில்லை. சுட்டது நான்தான். தோட்டா மட்டும் நமது பச்சைப் பெட்டித் தோட்டா இல்லை. என் துப்பாக்கிக்குப் பிடித்தது அது ஒன்றுதான் என்று உனக்குத் தெரியும். நவம்பரிலிருந்து இந்த ஊரில் எந்தக் கடையிலும் அது கிடையாது.

செவ்வாய்க்கிழமை கடைக்குச் சரக்கு வண்டி வருகிறது என்று கேள்விப்பட்டு, காலை ஆறேகாலுக்கே போய் நின்றேன். பூஜ்யத்துக்குக் கீழே இருபத்தாறு டிகிரி. எனக்கு முன்னால் முப்பது பேர். ஆளுக்கு ஒரு பெட்டிதான் என்று கடைக்காரன் கதவில் எழுதி ஒட்டியிருந்தான். முன்னால் நின்றவன் தன் மனைவி, மைத்துனன், சக்கர நாற்காலியில் மாமியார் என்று குடும்பத்தையே கூட்டிவந்திருந்தான்.

"இவங்க எல்லாருமே சுடுவாங்களா?" என்று கேட்டுவிட்டேன்.

"ஏன், எங்க அத்தையைப் பார்த்தா சுட மாட்டாங்கன்னு தோணுதா?" என்றான் அவன். அந்தம்மா என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில், சுடுவார் என்றே தோன்றியது.

என் முறை வந்தபோது அலமாரியில் இருந்தது, முயல் வேட்டைக்காரர்கள்கூட முகம் சுளிக்கும் சரக்கு. விலை, போன வருஷம் நல்ல தோட்டாவுக்குக் கொடுத்ததைப் போல இரண்டு மடங்கு. வாங்கினேன். வேறு என்ன செய்ய?

அங்கே நிலைமை எப்படி?

உன் நண்பன்,
டுவெய்ன்

*

நாம்பா, ஐடஹோ
ஜனவரி 30, 2021

அன்புள்ள டுவெய்ன்,

கடிதமும் அட்டைகளும் வந்தன. உனக்கு நானூறுக்கு முந்நூற்று அறுபத்தெட்டுப் போட்டிருக்கிறேன். ஒரு துளை உள்வட்டக் கோட்டைத் தொட்டதா இல்லையா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, உன் பக்கமே தீர்ப்புச் சொன்னேன். என் அட்டைகளை வைத்திருக்கிறேன், பார்த்துப் போடு.

இங்கேயும் அதே கதைதான். புதிதாகத் துப்பாக்கி வாங்கியவர்கள் எல்லாம் தோட்டாவை மூட்டை கட்டுகிறார்கள். தொழிற்சாலைக்காரன் கைத்துப்பாக்கித் தோட்டாவில் காசு பார்க்கிறான். நம் மாதிரி காகிதத்தைச் சுடும் கிழவர்களை யார் நினைக்கிறார்கள்? கடைக்காரனிடம் எப்போது வரும் என்று கேட்டால், "எனக்கே தெரிஞ்சா முதல்ல நான் வாங்கி வெச்சுக்க மாட்டேனா?" என்கிறான்.

மனதைத் தளரவிடாதே. இதுவும் கடந்துபோகும். மார்லிஸிடம் கேட்டதாகச் சொல். அவளுடைய காட்டரிசி சூப்புக்காக நாக்கு ஏங்குகிறது. கொலீன் சூப்பில் சுடுதண்ணீரைத் தவிர எதுவும் இல்லை.

அன்புடன்,
வெர்னன்

*

பெமிட்ஜி
மார்ச் 7, 2021

அன்புள்ள வெர்னன்,

உன் பிப்ரவரி அட்டைகளுக்கு முந்நூற்றுத் தொண்ணூற்றொன்று. என்ன மனிதனப்பா நீ! எனக்கு முந்நூற்று அறுபதைத் தாண்டவில்லை. நான்கு மாதமாகத் தொடர்ந்து என்னைத் தோற்கடிக்கிறாய். பதினோரு வருஷத்தில் இப்படி நடந்ததில்லை. முதுமை வந்தால் எல்லோருக்கும் கண் மங்கும், உனக்கு மட்டும் தெளிகிறதா?

கிளப்பில் குளிர்காலப் போட்டியை நிறுத்திவிட்டார்கள். பதினெட்டுப் பேர் சுட்ட இடத்தில் போன செவ்வாய் ஆறு பேர் வந்தோம். துப்பாக்கியை உறையிலிருந்து எடுக்கவேயில்லை. காபி குடித்தோம், யாருடைய மச்சான் எந்த ஊரில் எந்த விலைக்கு வாங்கினான் என்று பேசினோம், கலைந்தோம். வீட்டுக்கு வந்து சொன்னால் மார்லிஸ் சிரிக்கிறாள். "நாப்பது வருஷமா உங்களை அந்தத் துப்பாக்கிகிட்டேருந்து பிரிக்கப் பார்த்தேன். கடைக்காரன் ஒரே குளிர்காலத்துல சாதிச்சுட்டானே!"

எனக்குச் சிரிப்பு வரவில்லை, வெர்னன். பஸ் பட்டறையில் முப்பத்திரண்டு வருஷம் வேலை பார்த்தேன். ஓய்வு பெற்றதும் தினமும் அரைமணி நேரம் சுடுவேன் என்று ஆசைப்பட்டேன். கேட்டது அவ்வளவுதான். சுவரைப் பார்த்துக் காலித் துப்பாக்கியின் விசையை இழுத்துப் பழகுகிறேன். நேற்று கோபத்தில் ஒரு நாற்காலியை உதைத்துக் கால் விரல் வீங்கிக் கிடக்கிறது.

ஆகஸ்டில் மாநிலப் போட்டி. அதற்குள் என் கை மறந்துவிடும் போலிருக்கிறது. அதனால் வெட்கத்தை விட்டுக் கேட்கிறேன். உன்னிடம் பழைய பச்சைப் பெட்டி ஏதாவது மிச்சம் இருந்தால் இரண்டே இரண்டு அனுப்பு. இன்றைய விலை என்னவோ அதைத் தருகிறேன். இல்லையென்றால் இல்லை என்று எழுது, வருத்தப்பட மாட்டேன்.

டுவெய்ன்

*

நாம்பா
மார்ச் 21, 2021

அன்புள்ள டுவெய்ன்,

உன் விரல் வீக்கம் வற்றியிருக்கும் என்று நம்புகிறேன்.

நீ வாய்விட்டுக் கேட்டும் கொடுக்க முடியவில்லையே என்று வருத்தமாக இருக்கிறது. என் அலமாரியில் அடித்தட்டு வரை துடைத்தாயிற்று. மாதம் நாற்பதுக்கு எண்ணி எண்ணித்தான் வைத்திருக்கிறேன். அதுவும் கோடைக்குள் தீர்ந்துவிடும். இருந்தால் உனக்கு இல்லாமலா?

இங்கே ஆப்ரிகாட் மரம் பூத்துவிட்டது. கொலீன் வணக்கம் சொன்னாள்.

வெர்னன்

*

பெமிட்ஜி
மே 11, 2021

வெர்னன்,

இந்த முறை அட்டைகள் இல்லை. ஏன் என்று சொல்கிறேன்.

ஏப்ரலில் மார்லிஸ் என் முகத்தைப் பார்க்கச் சகிக்காமல் தன் தங்கை ஆர்டாவிடம் சொல்லியிருக்கிறாள். ஆர்டா ஃபார்கோவில் இருந்துகொண்டு இணையத்தில் தேடி, சுடுகிறவர்கள் விளம்பரம் போடும் ஒரு பக்கத்தில் பச்சைப் பெட்டி விற்கும் ஒருவனைப் பிடித்தாள். பத்துப் பெட்டிக் கட்டு. விலை, பழைய விலையைப் போல நான்கு மடங்கு. எனக்குத் தெரிந்திருந்தால் வேண்டாம் என்றிருப்பேன். அவள் கேட்கவில்லை. தன் பெயரில், தன் விலாசத்துக்கு வரவழைத்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை அன்னையர் தின விருந்துக்கு வந்தபோது, அனுப்பியவன் பெயர் எழுதாத அந்தப் பெட்டியைப் பிரிக்காமலே கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். எல்லோரும் சுற்றி நின்றார்கள். நான் பேனாக்கத்தியால் கீறித் திறந்தேன். தோட்டா ஆடாமல் இருக்க, கசக்கிய காகிதம் திணித்திருந்தது. ஒன்றை எடுத்து மேஜைமேல் வைத்து நீவினேன். குறி அட்டை. கீழே என் கையெழுத்து. செப்டம்பர் 2016, டுவெய்ன் ஹாகென். மாத மொத்தம் முந்நூற்றுத் தொண்ணூற்றேழு. அதற்குப் பக்கத்தில் பென்சிலில் உன் எழுத்து: "பாவி, இதை எப்படிச் சுட்டாய்!"

என் வாழ்க்கையிலேயே நான் சுட்டதில் சிறந்த அட்டை அது.

மார்லிஸ்தான் முதலில் வாய் திறந்தாள். "வெர்னன்கிட்ட இல்லேன்னுதானே எழுதியிருந்தாரு?" என்று கேட்டாள். ஆர்டாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "தோட்டா சரியானதுதானே மாமா? தப்பா வாங்கிட்டேனா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். சரியானதுதான் என்று சொல்லி அவளைச் சாப்பிட உட்காரவைத்தோம்.

என் கேள்வி ஒன்றே ஒன்று. உன்னிடம் எவ்வளவு இருந்தது?

டுவெய்ன் ஹாகென்

*

நாம்பா
மே 19, 2021

அன்புள்ள டுவெய்ன்,

நான்கு நாளாக இதை எழுதிக் கிழித்துக்கொண்டிருக்கிறேன். போனில் பேசலாம் என்றால் உனக்கு அதில் சரியாகக் காது கேட்காது. கொலீன் வீட்டில் கத்திச் சொல்லும்படியான விஷயமும் இல்லை.

பதினான்கு கட்டு இருந்தது. 2013-ல் இதே மாதிரித் தட்டுப்பாடு வந்ததே, நினைவிருக்கிறதா? அன்றைக்குப் பட்ட பாட்டில், இனி ஒரு நாளும் கடைக்காரன் முன்னால் கெஞ்சக் கூடாது என்று சிறுகச் சிறுகச் சேர்த்தேன். உன்னிடம் சொன்னதில்லை.

போன டிசம்பரில் ஒரு கட்டை விளம்பரத்தில் போட்டேன். சும்மா, என்ன விலை போகும் என்று பார்க்கத்தான். அன்று மாலைக்குள் பதினேழு பேர் கூப்பிட்டார்கள். டுவெய்ன், மனைவி லாயிஸ் இறந்தபின் நான் இந்த ஊருக்கு வந்து பதினோரு வருஷம். மகள் வீட்டு நிலவறையில் இருக்கிறேன். என்னை யாரும் கூப்பிடுவதில்லை. திடீரென்று ஆட்கள் என்னைச் சார் என்கிறார்கள். ஒருவன் மூன்று மணி நேரம் வண்டி ஓட்டி வந்து, "நீங்க மட்டும் இல்லேன்னா என்ன ஆகியிருப்பேன் சார்!" என்று என் கையைப் பிடித்துக்கொண்டான். அடுத்த கட்டைப் போட்டேன். அப்புறம் அடுத்தது.

நீ கேட்டபோது என்னிடம் ஐந்து கட்டு இருந்தது. இரண்டு பெட்டி அனுப்பியிருந்தால், எங்கிருந்து வந்தது என்று நீ கேட்பாய். ஜனவரியிலேயே நான் உன்னோடு சேர்ந்து புலம்பி எழுதியிருந்தேனே, அதை எப்படித் திருப்பி வாங்குவது?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். உன்னை ஜெயித்தது எனக்குப் பிடித்திருந்தது. நீ குப்பைத் தோட்டாவில் சுடுகிறாய் என்று தெரிந்தும் பிடித்திருந்தது.

அட்டையை நான் வேண்டுமென்று திணிக்கவில்லை. நீ அனுப்பிய பழைய அட்டைகள் ஒரு பெரிய பெட்டி நிறைய இருந்தன. கைக்கு வந்ததைக் கசக்கினேன். என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கவில்லை. இதைச் சொன்னால் உனக்கு இன்னும் வலிக்கும் என்று இப்போதுதான் புரிகிறது. ஆனாலும் அதுதான் உண்மை.

மிச்சம் இரண்டு கட்டு இருக்கிறது. இரண்டும் உனக்கு. அனுப்பட்டுமா? ஒரு வரி எழுது.

வெர்னன்

*

நாம்பா
ஜூன் 27, 2021

அன்புள்ள டுவெய்ன்,

உன் பதில் வரவில்லை. ஒருவேளை தபாலில் தவறியிருக்குமோ என்று மறுபடி எழுதுகிறேன். தவறியிருக்காது என்று எனக்கும் தெரியும்.

ஜூன் மாதத்து அட்டைகளை வைத்திருக்கிறேன். கடையில் வாங்கிய குப்பையில்தான் சுட்டேன். நீயே பார்ப்பாய், துளைகள் சோளம் இறைத்தது போல் கிடக்கின்றன. மதிப்பெண் போட்டு அனுப்பினால் சந்தோஷப்படுவேன். திட்டி எழுதினாலும் சந்தோஷப்படுவேன்.

வெர்னன்

*

பெமிட்ஜி
ஆகஸ்ட் 30, 2021

அன்புள்ள வெர்னன்,

இரண்டு கடிதங்களும் வந்தன. தபால்காரன் மேல் பழி இல்லை. எழுத உட்காரும்போதெல்லாம் கை வேறு எதையோ எழுதியது. அதை அனுப்பாமல் இருந்ததே நல்லது என்று மார்லிஸ் சொல்கிறாள்.

ஆர்டா வாங்கி வந்த கட்டைக் கிளப்புக்குக் கொண்டுபோய்ப் பிரித்துக் கொடுத்தேன். எனக்கு ஒரு பெட்டிகூட எடுத்துக்கொள்ளவில்லை. அவர்கள் நான் ஏதோ பெருந்தன்மைக்காரன் என்று முதுகில் தட்டினார்கள். கோபத்தில் கொடுக்கிறேன் என்று யாருக்கும் தெரியாது.

சென்ற சனிக்கிழமை மாநிலப் போட்டி. அதே குப்பையை எடுத்துக்கொண்டு போய்ப் பாயை விரித்துச் சுடுவதற்குக் குப்புறப் படுத்தேன். பக்கத்துப் பாயில் ஒரு பெண்மணி, ரெட் லேக் பக்கத்திலிருந்து வந்தவர், ரெனே என்று பெயர். முன்பின் தெரியாது. என் பெட்டியைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"இதைப் போட்டா சுடப்போறீங்க? இது குருவிக்குக்கூடக் கோபம் வரவைக்காதே!"

"கிடைச்சது இதுதாங்க."

உடனே தன் பைக்குள் கையை விட்டு ஒரு பச்சைப் பெட்டியை எடுத்து என் பாயில் வைத்தார். "என்கிட்ட ரெண்டு இருக்கு."

"எவ்வளவு தரணும்?"

"அதோ ஏழாவது பாயில படுத்திருக்காரே, அவர் எங்க வீட்டுக்காரர். அவரைத் தோக்கடிச்சுக் காட்டுங்க. கணக்குத் தீர்ந்துடும்."

அவ்வளவுதான். திரும்பித் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டார். எனக்கு முதல் ஐந்து தோட்டா வரை குறி மங்கலாகத்தான் தெரிந்தது. கண் நிறைந்துவிட்டது. இந்த வயதில், ஐம்பது தோட்டா கொண்ட ஒரு பெட்டிக்காக! அப்புறம் மூச்சை இழுத்துவிட்டுச் சுட்டேன். முந்நூற்று எண்பத்து நான்கு. அவருடைய கணவர் இரண்டு புள்ளி கூடுதல், ஜெயித்துவிட்டார். ரெனே என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் உன் மேல் கொதித்தேன், வெர்னன். மே மாதத்தைவிட அதிகமாக. ஏனென்றால் அது எவ்வளவு சின்ன விஷயம் என்று கண்ணால் பார்த்துவிட்டேன். பைக்குள் கையை விட்டு எடுத்து வைக்க ஒரு நொடிகூட ஆகவில்லை. உன்னால் அதை ஐந்து மாதமாகச் செய்ய முடியவில்லை.

நீ தனியாக இருந்தாய் என்று எழுதியிருந்தாய். அதை நம்புகிறேன். லாயிஸ் போன பிறகு உன்னை ஒருமுறைகூட நேரில் வந்து பார்க்காதது என் தப்பு. பதினோரு வருஷமாக அட்டையை அனுப்பிவிட்டு அதுவே போதும் என்று இருந்துவிட்டேன். இதையும் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை.

உன் ஜூன் அட்டைகளைத் திருப்பி அனுப்புகிறேன். மதிப்பெண் போடவில்லை. போட உட்கார்ந்தேன், இரண்டு இடத்தில் துளை கோட்டைத் தொட்டதா என்று பார்க்க வேண்டியிருந்தது. சந்தேகத்தின் பலனை உனக்குத் தர எனக்கு மனம் வரவில்லை. அப்படிப்பட்ட மனதோடு நான் இன்னொருவனுக்கு மதிப்பெண் போடக் கூடாது. அதனால் இனி அட்டைகள் வேண்டாம். அந்த இரண்டு கட்டையும் அனுப்பாதே. நீயே சுடு. கிளப்பில் பக்கத்துப் பாயில் யாராவது என்னைப் போல் குப்பையோடு வந்து படுத்தால், அப்போது பார்த்துக்கொள்.

கிறிஸ்துமஸுக்கு வாழ்த்து அனுப்பு. பதில் போடுவேன்.

மார்லிஸ் உன் முழங்காலை விசாரித்தாள். காட்டரிசி சூப்பின் செய்முறையைத் தனிக் காகிதத்தில் எழுதி வைத்திருக்கிறாள். உப்பின் அளவைக் கொலீன் குறைத்துக்கொள்ளட்டும்.

டுவெய்ன்