பதினாலாவது ஸ்லைடு பச்சை

மார்ச் 9, 2010, செவ்வாய்

இன்று நாற்பத்தொரு ஸ்லைடு. நேற்று முப்பத்தெட்டு. சண்டை முன்னேறுகிறதோ இல்லையோ, ஸ்லைடு முன்னேறுகிறது.

காலை எட்டு மணி பிரீஃபிங். ஆப்கானிஸ்தானுக்கு எங்கள் பிரிகேடு வந்த இந்த ஏழு மாதத்தில் அது ஒருநாள்கூட ஒரு நிமிடம் பிந்தியதில்லை. பிப்ரவரியில் ராக்கெட் விழுந்து சமையல்கூடத்துச் சுவர் போனதே, அன்றும் சரியாக எட்டுக்கு முதல் ஸ்லைடு ஓடியது. முகத்தில் மாவோடு வந்து உட்கார்ந்திருந்தார் ஒருவர்.

பாலம் கட்டப் படித்தவள் நான். அமெரிக்க ராணுவமும் என்ஜினியர் என்றுதான் என்னைச் சேர்த்தது. வந்த முதல் வாரம் மேஜர் கிராண்டல் நான் செய்த ஒரு ஸ்லைடைப் பார்த்தார். "அட, பொட்டியெல்லாம் ஒரே கோட்டுல நிக்குதே! ஹாஸ்கெல், நீ இனிமே எங்கிட்டதான்" என்றார். அன்றோடு போச்சு என் பாலம். இப்போது கேப்டன் லியோனா ஹாஸ்கெல் என்றால் பெட்டி வரைபவள். சிவப்புப் பெட்டி, மஞ்சள் பெட்டி, பச்சைப் பெட்டி.

சிவப்பு போட்டால், அது எந்தத் தேதியில் பச்சையாகும் என்று பக்கத்திலேயே எழுத வேண்டும். எழுதின தேதியில் ஆகாவிட்டால் கர்னல் ஸ்டோவர் எழுதினவனை எழுப்பி நிற்க வைப்பார். அதனால் இங்கே யாருக்கும் சிவப்பு வருவதில்லை.

மார்ச் 11, வியாழன்

வடக்கு முகாமிலிருந்து லெப்டினன்ட் ப்ரூயிட்டின் அறிக்கை வந்தது. மூன்று பக்கம்! முழு முழு வாக்கியங்கள். நெப்ராஸ்காவில் அம்மா பள்ளிக்கூட டீச்சராம், அந்த வளர்ப்பு. இங்கே யாரும் இப்படி எழுதுவதில்லை. எல்லோரும் புள்ளி வைத்து நான்கு சொல் எழுதுகிறார்கள், வினைச்சொல்கூட இருக்காது.

அவன் முகாமுக்குப் போகும் மலைச் சாலைக்கு அடியில் முப்பத்தொரு குழாய்ப் பாலங்கள். பனி உருகி வரும் தண்ணீர் போக வைத்தவை. உள்ளே எவனும் தவழ்ந்து போய் வெடி வைத்துவிடாமல் இரண்டு வாயிலும் இரும்புக் கிராதி இருக்க வேண்டும். இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லியிருந்தோம். பார்த்துவிட்டான். அவன் ஆள் சார்ஜென்ட் டீக் ஒவ்வொன்றிலும் வயிற்றால் ஊர்ந்து போய், டார்ச் அடித்து, டேப் வைத்து அளந்திருக்கிறார். பதினொன்றில் கிராதியே இல்லை. அதில் நான்கின் உள்ளே மண் புதிதாகக் கிளறியிருக்கிறது. "சார்ஜென்ட் டீக் பெரிய உடம்புக்காரர். பதினாறாம் எண்ணில் மாட்டிக்கொண்டு, காலைப் பிடித்து இழுக்க வேண்டியதாயிற்று. அவர் சொன்ன வார்த்தைகளை இங்கே எழுத முடியாது" என்று ஓர் இடத்தில். சிரித்துவிட்டேன். கடைசிப் பத்தி: "கிராதி போடும்வரை இந்தச் சாலையில் யாரும் போக வேண்டாம். ஆற்றுப்படுகை வழி இரண்டு மணி நேரம் அதிகம். பரவாயில்லை."

பதினாலாவது ஸ்லைடு: குழாய்ப் பால ஆய்வு. போன வாரம் பாதிதான் முடிந்திருந்தது, மஞ்சள். இன்று சிவப்பாக்கினேன். கிராண்டல் என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றார்.

"என்ன இது, ரத்தம்?"

"பதினோரு பாலத்துல கிராதி இல்ல சார்."

"ஆய்வு முடிஞ்சுதா இல்லியா?"

"முடிஞ்சுது சார். ஆனா—"

"முடிஞ்சா பச்சை. பொட்டி மேல என்ன எழுதியிருக்கு? ஆய்வு. சாலையப் பத்தி அந்தப் பொட்டி கேக்கவே இல்லியே."

"சாலைக்குன்னு பொட்டியே இல்லியே சார்."

"ஜெனரல் ஆபீஸ் குடுத்த மாதிரிப் படிவம் இது. உன் இஷ்டத்துக்குப் பொட்டி சேக்க இது என்ன உன் வீட்டு அலமாரியா? முப்பத்தொண்ணுக்கு முப்பத்தொண்ணு. பிரிகேடுல வேற எந்தப் பட்டாலியனும் நூறு சதவீதம் தொடல. சந்தோஷப்படுவியா!"

பச்சை போட்டேன். அடியில், எட்டுப் புள்ளி அளவுப் பொடி எழுத்தில், ஒரு குறிப்பு சேர்த்தேன்: 31இல் 11இல் கிராதி இல்லை. கிராண்டல் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "அது இருந்துட்டுப் போகட்டும்" என்றார். ஏதோ சாதித்தது போல இருந்தது. வெட்கம்.

மார்ச் 12, வெள்ளி

பதினாலாவது ஸ்லைடு திரையில் இருந்தது இருபது விநாடி. நான்தான் பொத்தானை வைத்திருந்தேன், எனக்குத் தெரியும்.

கர்னல் கேட்டார்: "பச்சையாயிடுச்சா? அப்புறம் எதுக்கு இன்னும் ஆத்துல சுத்திக்கிட்டுப் போறானுங்க? அடுத்த வாரத்துலேருந்து சாமான் வண்டியெல்லாம் சாலையிலயே போகட்டும்."

"சரி சார்" என்றார் கிராண்டல்.

அந்த இடத்தில் ஓர் இடைவெளி இருந்தது. நான்கு விநாடி, ஐந்து விநாடி. கர்னல் காபியை எடுத்துக் குடித்தார். நான் வாயைத் திறந்திருக்கலாம். பாலம் படித்தவள் அந்த அறையில் நான் ஒருத்திதான்.

பதினைந்தாவது ஸ்லைடுக்குப் பொத்தானை அழுத்தினேன்.

மார்ச் 15, திங்கள்

ப்ரூயிட் போன் செய்தான்.

"மேடம், புதன்கிழமை சாலையில வரச் சொல்லி உத்தரவு வந்திருக்கு. நான் எழுதினத கர்னல் படிச்சாரா?"

"மேல போயிருக்கு" என்றேன்.

"படிச்சிட்டுதான் சொல்றாரா?"

"மேல போயிருக்கு ப்ரூயிட்."

"அப்ப சரி மேடம். பெரியவங்க பாத்திருக்காங்கன்னா வேற ஏதாச்சும் ஏற்பாடு பண்ணியிருப்பாங்க. டீக்தான் பொலம்பிக்கிட்டே இருக்கார். இன்னொரு தடவ குழாயில பூரச் சொன்னா ராஜினாமாங்கறார்."

பொய்யா சொன்னேன்? மேலேதான் போயிருக்கிறது. பச்சையாகப் போயிருக்கிறது. இதைக் கர்னலிடம் போய்ச் சொல்ல எனக்கு என்ன தடை? அவர் கதவு என் மேஜையிலிருந்து இருபது தப்படி. கிராண்டலைத் தாண்டிப் போனால் என்னைப் பற்றிய மதிப்பீட்டுக் குறிப்பை எழுதுவது அவர்தான், ஜூனில் மேஜர் பதவிக்குப் பட்டியல் வருகிறது. இதுதான் தடை. எழுதி வைக்கிறேன், பின்னால் வேறு காரணம் கண்டுபிடித்துவிடுவேன்.

மார்ச் 17, புதன்

பத்தொன்பதாம் எண். முதல் வண்டி. சார்ஜென்ட் டீக் இறந்துவிட்டார். ஓட்டின பையன் லின்வுட்டுக்கு இரண்டு காலும் இல்லை.

மார்ச் 18, வியாழன்

எட்டு மணிக்குத் தொடங்கியது. ஒரு நிமிடம் மௌனம், பிறகு வானிலை.

டீக்குக்கு மூன்றாவது ஸ்லைடில் ஒரு பெட்டி. ஊர், வயது, பெயர். முழுப் பெயர் நீளமாக இருந்து பெட்டிக்கு வெளியே வந்துவிட்டது, எழுத்தைச் சின்னதாக்கினேன். பெரிய உடம்புக்காரர்.

பதினாலாவது ஸ்லைடைப் பற்றிக் கிராண்டலிடம் கேட்டேன். பத்தொன்பதாம் பாலம்தான் இப்போது இல்லையே. அவர் கொஞ்சம் யோசித்தார். யோசித்தார்! "அப்ப முப்பதுக்கு முப்பது" என்றார்.

இன்னும் பச்சை.

மார்ச் 20, சனி

மறுபடி ப்ரூயிட்.

"மேடம், உங்க ஆபீசுக்கு வந்தவன் ஒருத்தன் சொன்னான். அது பச்சையாம்ல?"

"ஆமா."

"நான் மூணு பக்கம் எழுதினேன் மேடம்."

"தெரியும்."

"பச்சைன்னு எங்கயாச்சும் எழுதினேனா? கறுப்பு இங்க்லதான எழுதினேன்?"

அழுதானா சிரித்தானா என்று தெரியவில்லை. அவனே, "சரி மேடம், வெக்கிறேன்" என்றான். இந்த நிலையிலும் அந்த மரியாதை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மார்ச் 31, புதன்

வெளியிலிருந்து ஒரு கர்னல் வந்து எட்டு நாள் விசாரித்தார். என்னையும் கூப்பிட்டார். ஸ்லைடில் கிராதி விஷயம் இருந்ததா என்று கேட்டார், இருந்தது என்றேன். நல்லது என்று எழுதிக்கொண்டு அனுப்பிவிட்டார். ஏழு நிமிடம். அறிக்கை இருநூற்றறுபது பக்கம். அதை நான்கு ஸ்லைடாக்கும் வேலை இன்று யாரிடம் வந்தது? வேறு யார் இருக்கிறார்கள், கோடு நேராக வர வேண்டுமே.

படித்தேன். ஒன்றுக்கு இரண்டு முறை படித்தேன்.

என் அடிக்குறிப்பு! அந்த எட்டுப் புள்ளி எழுத்து! கிராதி இல்லை என்ற தகவல் தலைமையகத்தில் "உரிய முறையில் தெரிவிக்கப்பட்டிருந்தது" என்பதற்கு அதுதான் சாட்சி. ஆகவே தலைமையகத்தில் யார் மேலும் தவறில்லை. கேப்டன் ஹாஸ்கெலின் கவனத்துக்குப் பாராட்டுகூட இருக்கிறது. ஆபத்து இருப்பது நன்றாகத் தெரிந்தும் அந்தச் சாலையில் வண்டியை விட்டவர் லெப்டினன்ட் ப்ரூயிட். அவருக்குக் கண்டனம், பதவியிலிருந்து நீக்கப் பரிந்துரை. தெரிந்தது என்பதற்கு ஆதாரம், அவன் எழுதிய மூன்று பக்கமே.

சீர்திருத்தப் பரிந்துரை ஒன்று: ஸ்லைடு எழுத்து இனி பதினாலு புள்ளிக்குக் குறையக் கூடாது.

நான் என் மனசாட்சிக்குப் போட்ட ஒட்டுத்துணி அவன் கழுத்துக்குச் சுருக்காகிவிட்டது. அடப் பாவி. அடப் பாவி லியோனா.

ஏப்ரல் 2, வெள்ளி

விசாரணை முடிவைச் சொல்லும் கூட்டம். பக்கத்துத் திரையில் வீடியோவில் ஜெனரல். மூன்று ஸ்லைடு போட்டேன். நான்காவது ப்ரூயிட்.

"ஹாஸ்கெல், அடுத்தது" என்றார் கர்னல் ஸ்டோவர்.

"அடுத்தது இல்ல சார்." புரொஜெக்டரை அணைத்தேன். பையில் வைத்திருந்த மூன்று தாளை எடுத்தேன். "இது லெப்டினன்ட் ப்ரூயிட் அன்னைக்கு அனுப்பினது. இந்த ரூம்ல யாரும் இதப் படிக்கல. நான் படிச்சேன். படிச்சிட்டு பச்சை போட்டேன். அடியில யாருக்கும் தெரியாத மாதிரி ஒரு வரி வெச்சேன். அத வெச்சுதான் இப்ப அவன் மேல பழி போடறீங்க."

"ஹாஸ்கெல், உக்காரு" என்றார் கிராண்டல்.

உட்காரவில்லை. படித்தேன். குரல் கேவலமாக இருந்தது, ஊர்ப் பெயரெல்லாம் உளறினேன். டீக் மாட்டிக்கொண்ட இடம் வந்தபோது நின்றுவிட்டது. யாரோ தண்ணீர் நீட்டினார்கள். கடைசிப் பத்தியை இரண்டு தடவை படித்தேன், கர்னலைப் பார்த்து. அவர் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு நிஜமாகவே தெரியாது. அதுதான் கொடுமை. மனுஷன் கெட்டவர் இல்லை, பச்சையைப் பார்த்தார்.

திரையில் ஜெனரல் தலையை ஆட்டினார்.

"ரொம்ப முக்கியமான விஷயம் கேப்டன். நல்லா சொன்னீங்க. இதையே ஒரு ஸ்லைடா போட்டு எனக்கு அனுப்பிடுங்க."

ஏப்ரல் 6, செவ்வாய்

பெட்டி வரையும் வேலை போயிற்று. நாளை முதல் கிடங்கு. மெத்தை, கூடாரம், கழிவறைக் காகிதம். மேஜர் பதவிப் பட்டியல் பற்றிக் கிராண்டல் ஒன்றும் சொல்லவில்லை, சொல்லவும் வேண்டாம்.

ஏப்ரல் 19, திங்கள்

ப்ரூயிட் விஷயம் என்ன ஆயிற்று என்று விசாரித்தேன். பதவி நீக்கத்தை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். மறுபரிசீலனையாம். ஸ்லைடில் மஞ்சளாம்.

டீக்கின் மனைவிக்கு எழுத உட்கார்ந்தேன். நான்கு சொல் எழுதுகிறேன், புள்ளி வைக்கிறேன். நான்கு சொல், புள்ளி. முழு வாக்கியம் வரமாட்டேன் என்கிறது. கிழித்துவிட்டு மறுபடி.

மே 4, செவ்வாய்

மாலை ஐந்து மணிக்கு, மெத்தைக் கட்டுகளை அடுக்கச் சொல்லிக்கொண்டிருந்தபோது போன். என் இடத்துக்கு வந்திருக்கும் கேப்டன் ப்ராம்லி. சாதுவான ஆள், எப்போதும் மன்னிப்புக் கேட்கிற குரல்.

"மன்னிச்சுக்கங்க மேடம், பதினாலாவது ஸ்லைடுல அந்தப் பொட்டி நிறம் மாற மாட்டேங்குது. பூட்டி வெச்சிருக்கீங்களா?"

"எதுக்கு மாத்தணும்?"

"புதுசா ஆய்வு முடிஞ்சிருக்கு மேடம். வடக்கு முகாம்ல லெப்டினன்ட் ப்ரூயிட் அனுப்பியிருக்கார். முப்பதுக்கு முப்பது. பச்சையாக்கணும்."

"என்ன எழுதியிருக்கான்?"

"மூணு பக்கம் மேடம்."

"படிங்க."

"மொத்தமுமா?"

"மொத்தமும். எனக்கு வேலை இல்ல, மெத்தை எங்கயும் ஓடிடாது."

படித்தான். மார்ச்சில் வெடிக்குப் பிறகு அவசரமாகப் போட்ட புதுக் கிராதிகளில் ஆறைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்களாம். இரண்டில் மண் கிளறியிருக்கிறதாம். இம்முறை குழாய்க்குள் ஊர்ந்தது யார் என்று எழுதியிருக்கவில்லை. அவனே போயிருப்பான். கடைசிப் பத்தியை நான் கூடவே சொன்னேன், அதே வரிதான். இந்தச் சாலையில் யாரும் போக வேண்டாம்.

"மேடம், இது எந்தப் பொட்டியில வரும்?"

"எதுலயும் வராது. மூணு தாளையும் கையில எடுத்துக்கிட்டு, காலையில எட்டு மணிக்கு முன்னாடி கர்னல் கதவுல போய் நில்லுங்க. மேஜர் என்ன சொன்னாலும் நில்லுங்க."

"நீங்க நின்னீங்களா மேடம்?"

"நின்னேன். டீக் செத்துப் பதினாறு நாள் கழிச்சு."

மன்னிச்சுக்கங்க என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டான். எதற்கு மன்னிப்பு என்று தெரியவில்லை. என்னிடம் பெட்டிப் பூட்டைத் திறக்கும் வழியைக் கேட்க மறந்துவிட்டான்.

மே 5, புதன்

இன்று எட்டு மணி பிரீஃபிங் இருபது நிமிடம் பிந்தித் தொடங்கியதாம். சமையல்கூடத்தில் பேசிக்கொண்டார்கள். ஏன் என்று யாருக்கும் தெரியவில்லை.