கெடாத தக்காளி

மார்ச் 4
கிடங்கில் இன்றும் ஒரு வரிசைப் பெட்டி போய்விட்டது. தக்காளியைத் தொட்டால் விரல் உள்ளே போகிறது, மேலெல்லாம் பூசணம். பூசணத்தைத் தடுக்க எந்த இலைச்சாறு உதவும் என்று பார்க்கும் என் சோதனைத் தட்டுகளில் நொச்சிச் சாறு தோற்றது, ஆடாதொடை தோற்றது, குப்பைமேனி இருந்த இடமே தெரியவில்லை. ரோட்டோரம் பறித்து வந்த எருக்கிலைச் சாற்றில் முக்கியெடுத்த தக்காளிகள் மட்டும் இன்று பறித்த மாதிரி பளபளக்கின்றன. ஜெயித்ததுதான் ஜெயித்தது, விஷச்செடியா ஜெயிக்க வேண்டும்?

மார்ச் 6
என் வீட்டுக்காரர் அந்தத் தட்டையே சுற்றிச் சுற்றி வருகிறார்.

"கழுவிட்டுத்தானே சாப்பிடுவாங்க. மொத்த லோடையும் முக்கிடலாம்."

"சாறு விஷமான்னு பாக்க ஆய்வகத்துக்கு அனுப்பியிருக்கேன், பதில் வரட்டும்."

"அதுவரைக்கும் தக்காளி காத்திருக்குமா?"

காத்திருக்காது. எனக்கும் தெரியும். இருந்தாலும் சோதனைக்காக அரைத்து வைத்திருந்த எருக்குச் சாற்று டிரம்மை இறுக மூடிவிட்டு வந்தேன். கோபம் அவர் மேலா, செடி மேலா, தெரியவில்லை.

மார்ச் 8
இரண்டு நாளாக நானும் அவரும் பேசிக்கொள்ளவில்லை. சாயங்காலம் லோடு கிளம்பியது.

மார்ச் 9
நாத்தனாருக்குக் காலையிலிருந்து வாந்தி. நேற்று கிடங்கில் தக்காளி எடுத்துச் சாப்பிட்டாளாம். "நல்லதாப் பாத்துத்தான் எடுத்தேன் அண்ணி."

நல்லதாக. ஓடிப்போய் என் தட்டைப் பார்த்தேன், ஒன்றும் குறையவில்லை. அப்படியானால் எந்தத் தக்காளி? டிரம்மைத் திறந்தேன். அடியில் ஒரு சொம்பு சாறுகூட இல்லை.

அவரிடம் ஓடினேன். "லாரி போயிடுச்சே" என்றார்.

பாவி மனுஷா, எத்தனை வீட்டுப் பிள்ளைங்க சாப்பிடும்... சட்டையைப் பிடித்து உலுக்கிவிட்டேன். அவரே டிரைவருக்குப் போன் போட்டார். மணி அடிக்கிறது, எடுக்கவில்லை. மறுபடி. மறுபடி. ஒரு பக்கம் நாத்தனார் ஓங்கரிக்கும் சத்தம். என்னால் உட்காரவும் முடியவில்லை.

மார்ச் 10
சந்தையில் தார்ப்பாயை அவிழ்த்துக்கொண்டிருந்தபோதுதான் டிரைவர் போனை எடுத்திருக்கிறார். "விளையாடுறீங்களா?" என்று திட்டிவிட்டு லாரியைத் திருப்பினார். திட்டட்டும், எவ்வளவு வேண்டுமானாலும் திட்டட்டும். நாத்தனார் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். தக்காளியால்தானா என்று டாக்டராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அதற்காக அந்த லோடை விற்க நான் ஒப்புவதாக இல்லை.

மார்ச் 11
கிடங்குக்குப் பின்னால் குழி வெட்டினோம். அவரே பெட்டி பெட்டியாகத் தூக்கி வந்து கொட்டினார். நான் மண்ணைத் தள்ளினேன். வெயிலில் வெந்து, லாரியில் குலுங்கித் திரும்பி வந்த தக்காளி. ஒன்றில்கூடப் பூசணம் இல்லை.