பால்வாடிச் சுவரும் காலை வெயிலும்

ஜனவரி 6, திங்கள்

கலெக்டர் ஆபீசில் கொடுத்த மனுவுக்குப் பதில் வந்துவிட்டது. ‘கட்டடம் நல்ல நிலையில் உள்ளது. மனு முடிக்கப்பட்டது.’ நேரில் ஒருத்தரும் வரவில்லை. நான் மனுவோடு வைத்த போட்டோவைப் பார்த்தே முடித்துவிட்டார்கள். எங்கள் காலனிப் பால்வாடியின் தெற்குச் சுவர் வயிறு தள்ளி நிற்கிறது. வெளியே அதில் சாய்ந்து உட்கார்ந்துதான் அண்ணன் மகள் சுபஸ்ரீயும் இன்னும் பதினைந்து பிள்ளைகளும் சாப்பிடுகிறார்கள். ஊர்த்தெரு பால்வாடிக்குப் போன வருஷமே டைல்ஸ் போட்டாச்சு. எங்களுக்கு மட்டும் — நல்ல நிலை!

கோபம் கொஞ்சம் அடங்கினதும் என் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மத்தியான வெயிலில், ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்று எடுத்தது. பாதிப் படம் வானம், கால்வாசி கல்வராயன் மலை. சுவர் வெள்ளைத் தாள் மாதிரி தட்டையாய் இருக்கிறது. நானே அந்த அதிகாரி நாற்காலியில் இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன். அதுதான் இன்னும் எரிகிறது.

ஜனவரி 7

ராசு அண்ணன் கொத்தனார். சுவரில் கை வைத்துப் பார்த்துவிட்டு, “அடுத்த மழைக்குத் தாங்காது” என்றான். மகள் சுபஸ்ரீயைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டான். மற்ற பதினைந்து பேர்?

ஜனவரி 9, வியாழன்

சங்கராபுரத்தில், நான் வேலை பார்க்கும் ஜெராக்ஸ் கடையில் இன்று சண்டை. பாஸ்போர்ட் போட்டோ எடுக்கும் இடத்தில் இரண்டு விளக்கில் ஒன்று போய்விட்டது. ஒற்றை விளக்கிலேயே எடுத்துக் கொடுத்தேன். அந்தப் பெண் படத்தைப் பார்த்ததும் கத்தினாள்: “இன்னாங்க இது, பருவெல்லாம் மலையாட்டம் நிக்குது!”

ஓனர் அய்யப்பன் அண்ணன் என்னைத் திட்டினார். “ரெண்டு பக்கமும் வெளிச்சம் இருந்தா எல்லாம் மறைஞ்சிடும். ஒரு பக்கம் மட்டும் அடிச்சா ஒவ்வொரு மேடும் தெரியும். மொதல்ல பல்பை மாத்து.”

மாற்றினேன். அப்போதுதான் உறைத்தது: எனக்கு வேண்டியது அந்தப் பரு காட்டுகிற வெளிச்சம்தானே?

ஜனவரி 10

சாயங்காலம் பால்வாடிச் சுவர் முன்னால் போய் நின்றேன். ஐந்தரைக்கே மலை வெயிலை விழுங்கிவிட்டது. இனி காலைதான்.

ஜனவரி 11

பனி. ஒரு மண்ணும் தெரியவில்லை.

ஜனவரி 12, ஞாயிறு

போச்சு. எல்லாம் போச்சு. இன்னா பண்றது இவங்கள வெச்சிக்கினு?

நாளைக் காலை மறுபடி எடுக்கிறேன் என்று தெருவில் சொல்லி வைத்திருந்தேன். சாயங்காலம் வந்து பார்த்தால் சுவர் வெடிப்பெல்லாம் களிமண்ணால் அடைத்து, மேலே சுண்ணாம்பு! பால்வாடியில் சமைக்கும் குஞ்சம்மாள் அத்தை வெள்ளையடிக்கிற மட்டையும் கையுமாக நின்று சிரிக்கிறது.

“பொங்கலுக்கு வூட்டுக்குக் கரைச்சது மீந்துச்சு இலக்கியா. கலெக்டர் ஆபீசுல பாக்குற படம், அசிங்கமாவா இருக்கும்?”

“அசிங்கத்தக் காட்டத்தான் அத்தை எடுக்கிறேன்!”

“அதுக்குன்னு? நாம நாறிக்கினு கிடக்கிறோம்னு நாமளே சொல்லணுமா?”

இத்தனை காலம் எங்களை அழுக்கு என்று சொன்னார்கள். போட்டோ என்றதும் மறைக்கத்தான் முதலில் கை போகிறது. அத்தையைத் திட்டி என்ன?

ஜனவரி 13, போகி

கெடச்சிடுச்சு!

போகிப் புகை கலையும்வரை நானும் அண்ணனும் அத்தையும் காத்திருந்தோம். ஏழு மணிக்கு வெயில் சுவரை நேராக அடிக்காமல் கிழக்கிலிருந்து உரசிக்கொண்டு போனது. சுண்ணாம்பு வெடிப்பையும் கறையையும்தான் மறைத்திருந்தது, தொப்பையை மறைக்கவில்லை. கறை இல்லாததால் கண் நேரே தொப்பைக்குத்தான் போகிறது. ஒரு பக்கம் வெள்ளை வெளேர், மறுபக்கம் நிழல்.

“பாத்தியா, நான் அடிச்சதாலதான்!” என்றது அத்தை.

அண்ணன் கூரை விளிம்பிலிருந்து நூலில் கட்டிய தூக்குக்குண்டைத் தொங்கவிட்டான். நூல் நேராக நிற்கிறது. சுவரில் விழுந்த அதன் நிழல் வில்லாக வளைகிறது.

கிட்டே போய் மண்டியிட்டேன். வானம் வேண்டாம், மலை வேண்டாம். செல்போன் திரையில் வெள்ளைச் சுவரைத் தொட்டு வெளிச்சத்தைக் கீழே இழுத்தேன். நிழல் கறுத்துக்கொண்டு வந்தது. சுவரின் உயரம் தெரிய அத்தையை ஓரமாக நிறுத்தினேன். பட்டுப்புடவை கட்டி வந்திருந்தது.

“சிரிக்காத அத்தை.”

“போட்டோன்னா சிரிக்காமயா?”

சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஜனவரி 20, திங்கள்

கள்ளக்குறிச்சி, குறைதீர் நாள். மனு வாங்கிய அதிகாரியம்மா அதைப் படிக்கவே இல்லை. படத்தில் நூலை விரலால் தொட்டார். பிறகு நிழலைத் தொட்டார்.

“நூல் நேரா இருக்கு. நிழல் ஏன் வளையுது?”

“சுவர் வளைஞ்சிருக்குங்க.”

என் எதிரிலேயே போனை எடுத்தார்.

ஜனவரி 22

இன்ஜினியர் வந்தார். பிள்ளைகள் இன்றே சமுதாயக் கூடத்துக்கு மாறியாச்சு. பதினாறு பேரும்.

பிப்ரவரி 5, புதன்

இடித்தார்கள். ஜேசிபி டிரைவர் கீழே இறங்கி நின்று திரும்பத் திரும்பச் சொன்னார்: “நான் இன்னும் தள்ளவே இல்லங்க. தொட்டேன், அவ்ளோதான்.” சுவர் முழுசாக, பிள்ளைகள் உட்காரும் இடத்தின் மேல்தான் விழுந்தது. புழுதி அடங்கியது. அப்புறம் குஞ்சம்மாள் அத்தை விசில் அடித்தது. அத்தைக்கு விசில் வரும் என்று இன்றுதான் தெரியும்.

பிப்ரவரி 11

மணலூர்பேட்டையிலிருந்து ஒருவர் கடையைத் தேடி வந்தார். தண்ணீர்த் தொட்டியின் தூண் வெடித்திருக்கிறதாம். மூன்று மனு, மூன்று முறையும் ‘நல்ல நிலை’. செல்போனை என்னிடம் நீட்டி, “நீங்கதான் போட்டோ எடுக்கிற பொண்ணுன்னு சொன்னாங்க” என்றார்.

ஜெராக்ஸ் மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டேன்: “வெடிப்பு எந்தப் பக்கம் இருக்கு? கிழக்கா, தெற்கா?”