உங்கள் முகத்தோடு எழுதியவன்

ஜூன் 4

மதிப்புக்குரிய பல் மருத்துவர் ஐயாவுக்கு,

வணக்கம். என்னை உங்களுக்குத் தெரியாது. எனக்கு உங்களை எட்டு மாதமாகத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பயப்படாமல் முழுக்கப் படியுங்கள்.

நான் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துகிறேன். வயது நாற்பத்தொன்பது. கல்யாணம் ஆகவில்லை, அப்பாவையும் அம்மாவையும் பார்த்துக்கொண்டதில் வருஷங்கள் ஓடிவிட்டன. போன வருஷம் துணை தேடும் இணையதளம் ஒன்றில் சேர்ந்தேன். அங்கே உங்கள் படத்தைப் போட்டு, கப்பல் பொறியாளர், மனைவியை இழந்தவர் என்று சொல்லிக்கொண்டு ஒருவன் எழுதினான். இரண்டாவது வாரமே, தளத்தை விட்டுத் தனியாகப் பேசலாம் என்றான். மூன்றாவது வாரம் நான்தான் அவன் உயிர். முகம் பார்த்துப் பேசலாம் என்றால் கேமரா கெட்டுப்போயிருக்கும். வருகிறேன் என்பான், வரும் நாளில் ஏதாவது ஒன்று முளைக்கும். கடைசியில், கையில் கட்டுப் போட்டு ஆஸ்பத்திரிக் கட்டிலில் நீங்கள் படுத்திருக்கும் படம் வந்தது. பணம் அனுப்பினேன்.

சில நாள் அவன் எழுத்தில் கமாவுக்கு முன்னால் ஓர் இடைவெளி இருக்கும், சில நாள் இருக்காது. எழுதுவது ஒரே ஆள் இல்லை என்று என் கண் சொல்லிக்கொண்டேதான் இருந்தது. பிழை தெரிந்தது, திருத்த மனம் வரவில்லை.

அண்ணன் மகள்தான் படத்தை வைத்துத் தேடிப் பார்த்தாள். "அத்தை, இவர் கப்பல்லயே இல்ல. பல் டாக்டர். பொண்டாட்டி பக்கத்துலயே நிக்கிறாங்க" என்றாள்.

காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்துவிட்டேன். உங்களிடம் கேட்க ஒன்றும் இல்லை. உங்கள் முகம் ஊர் சுற்றிக்கொண்டிருக்கிறது, அது உங்களுக்குத் தெரியவேண்டும் என்றுதான் எழுதினேன். திரையில் வருவதை இப்போது நானே நம்புவதில்லை. அதனால் இது கையெழுத்தில்.

இப்படிக்கு,
அச்சகத்தில் பிழை திருத்துகிறவள்

---

ஜூன் 11

அம்மா,

கடிதம் கிடைத்தது. அந்த நபர் நான் இல்லை. எனக்கும் அவருக்கும் எந்தத் தொடர்பும் கிடையாது. நானும் புகார் கொடுத்திருக்கிறேன். தங்கள் இழப்புக்கு நானோ என் மருத்துவமனையோ பொறுப்பேற்க இயலாது. தயவுசெய்து நேரில் வரவேண்டாம்.

பல் மருத்துவர்

---

ஜூன் 17

டாக்டருக்கு,

அந்த ஆள் நீங்கள் இல்லை என்று சொல்லத்தானே நான் எழுதினேன்! அதையே எனக்குத் திருப்பி அனுப்பியிருக்கிறீர்கள். சிரிப்பு வந்தது. சிரித்து முடிப்பதற்குள் அழுகையும் வந்துவிட்டது.

நேரில் வரமாட்டேன். ஒரே ஓர் உதவி. உங்கள் இடது புருவத்தின் மேல் ஒரு தழும்பு இருக்கிறது. புயலில் கப்பல் கயிறு அறுந்து அடித்தது என்று அவன் சொன்னான். அந்தப் புயலை நினைத்து நான் கலங்கியிருக்கிறேன். கட்டுப் போட்ட கையை நினைத்தும். அவை உண்மையில் எப்படி நடந்தன என்று சொன்னால், அவன் சொன்னதை அடித்துவிட்டு ஓரத்தில் சரியானதை எழுதிக்கொள்வேன். எனக்குத் தெரிந்த வேலை அது ஒன்றுதான். இஷ்டமில்லை என்றால் விட்டுவிடுங்கள், தப்பாக நினைக்கமாட்டேன்.

பிழை திருத்துகிறவள்

---

ஜூன் 28

அன்புள்ள சகோதரிக்கு,

முதல் பதிலை நான் அப்படி எழுதியிருக்கக் கூடாது. உங்கள் கடிதங்களைப் படித்துவிட்டு என் மனைவி, "இந்தம்மா உங்களுக்கு நல்லது நினைச்சு எழுதியிருக்காங்க. நீங்க வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருக்கீங்க" என்று திட்டித் தீர்த்துவிட்டாள்.

உங்களுக்கு முன்னால் இப்படி ஏமாந்து என்னைத் தேடியவர்கள் மூன்று பேர். அதில் ஒரு பெண் பெட்டியோடு மருத்துவமனைக்கே வந்துவிட்டாள். நோயாளிகள் உட்கார்ந்திருக்கும் அறையில் என்னைப் பார்த்ததும் எழுந்து சிரித்தாள். "நானே வந்துட்டேன், பாருங்க" என்றாள். வரவேற்பு மேசையில் என் மனைவி. நான் யாரென்று தெரியாமல் விழித்த அந்த நொடியில் அந்தப் பெண்ணின் முகம் போன போக்கு இருக்கிறதே, அதை நான்தான் செய்தேன் என்பது போலவே இன்றுவரை உறுத்துகிறது. வீட்டிலும் பல நாள் பேச்சில்லை. விஷயம் விளங்கிய பிறகும், என் போன் அடித்தால் மனைவி ஒரு தரம் திரும்பிப் பார்ப்பாள்.

தழும்புக்குக் காரணம் குளியலறை அலமாரிக் கதவு. குனிந்து சோப்பை எடுத்துவிட்டு நிமிர்ந்தேன், அவ்வளவுதான். கை உடைந்தது மாடிப்படியில் வழுக்கி. கட்டிலில் படுத்திருந்தபோது படமெடுத்து இணையத்தில் போட்டது மனைவிதான்.

இனி என் முறை, ஓர் உதவி கேட்க. உங்கள் ஊரிலேயே ஓர் அம்மா சலவைக் கடை வைத்திருக்கிறார். கணவர் இறந்துவிட்டார். என்னோடு தொலைபேசியில் சண்டை போட்டார். சொத்துக்காகத் தம்பியை ஒதுக்கிவைத்த இரட்டைப் பிறவி அண்ணன் நான் என்று அவன் சொல்லிவைத்திருக்கிறானாம். நான் மறுக்க மறுக்க அவருக்கு நம்பிக்கை கூடுகிறது. அவனுக்காகக் கடையையே விற்கப் போகிறார். உங்களால் ஒருமுறை பார்த்துப் பேச முடியுமா? முகவரி பின்பக்கம்.

அன்புடன்,
பல் மருத்துவர்

---

ஜூலை 9

டாக்டருக்கு,

போனேன். வாசலிலிருந்தே இரண்டு தரம் திரும்பிவிட்டு மூன்றாம் தரம் உள்ளே போனேன்.

சின்னக் கடை. கூரை வரை மடித்த விரிப்புகள், ஆவி, சோப்பு வாசனை. அந்த அம்மாவுக்கு அறுபது இருக்கும். தேய்ப்பதை நிறுத்தாமலே கேட்டார்: "யாரு நீங்க? அவரோட பழைய ஆளா?"

"அப்படித்தான் வெச்சுக்கோங்க."

"பொறாமையில வந்திருக்கீங்க."

வழியெல்லாம் என்னென்னவோ யோசித்து வைத்திருந்தேன். உங்கள் படம், உங்கள் மருத்துவமனையின் இணையப் பக்கம், புகார் எண். அவரைப் பார்த்ததும் எதையும் எடுக்கத் தோன்றவில்லை. எட்டு மாதமும் நான் இதே குரலில்தான் அண்ணன் மகளோடு சண்டை போட்டேன். "இன்னிக்குக் காலையில என்ன எழுதினாரு?" என்று மட்டும் கேட்டேன். வீம்புக்குத்தான் போனை எடுத்துப் படித்தார். "கடல் எவ்வளவு பெரிசுன்னு இங்க வந்துதான் தெரிஞ்சுக்கிட்டேன்..."

"நீ இல்லாத வீடு அதைவிடப் பெரிசுன்னு இப்பத்தான் தெரியுது" என்று நான் முடித்தேன்.

இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். அடுத்ததைப் படித்தார். அதையும் நான் சொன்னேன். மூன்றாவதைப் பாதியில் நிறுத்தி, "மீதியச் சொல்லாதீங்க" என்றார். பிறகு ரொம்ப மெதுவாக, "உங்கள என்னன்னு கூப்பிடுவான்?"

"தங்கம்."

ஒரு நாற்காலியை என் பக்கம் தள்ளிவிட்டு, அவர் விரிப்புக் கட்டின் மேல் உட்கார்ந்தார். "புருஷன் போனதுக்கப்புறம் என்னைச் சாப்டியான்னு கேட்ட ஒரே ஆளு அவன்தான்" என்றார். என்னையும் அவன் மட்டும்தான் கேட்டான்.

நான் கிளம்பும்போது கடையை வாங்க இருந்தவருக்குப் போன் போட்டு, "விக்கல" என்றார். நன்றி சொல்லவில்லை. "இனிமே இந்தப் பக்கம் வராதீங்க. உங்களப் பாத்தா எனக்கு அதான் ஞாபகம் வரும்" என்றார். சரி என்றேன்.

பிழை திருத்துகிறவள்

---

ஜூலை 15

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை மனைவிக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். பாதி வரை நான் படித்தேன். மீதியை அவள் படித்தாள். அந்த அம்மாவின் கடையைக் காப்பாற்றியிருக்கிறீர்கள்.

ஏதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட எங்கள் வீட்டுக்கு வாருங்கள். மனைவிதான் கூப்பிடச் சொன்னாள். முன்பு நேரில் வரவேண்டாம் என்று எழுதியவன், இப்போது வாருங்கள் என்று கேட்கிறேன்.

அன்புடன்,
பல் மருத்துவர்

---

ஜூலை 22

டாக்டருக்கு,

உங்கள் வீட்டம்மாவுக்கு என் வணக்கம். அவர் கூப்பிட்டதை மறக்கமாட்டேன். ஆனால் நான் வரவில்லை.

காரணத்தைச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். இந்த ஒரு மாதமாகத் தபால் வரும் நேரத்துக்கு நான் வாசலில் நிற்கிறேன். உறையில் உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் மனசு துள்ளுகிறது. சகோதரி என்று எழுதுகிறீர்கள். அது முறையான சொல்தான், அதில் ஒரு குற்றமும் இல்லை. ஆனால் கடிதத்தைப் படிக்கும்போது என் கண்முன் வருகிற முகம் எட்டு மாதம் நான் பார்த்துக்கொண்டிருந்த அதே முகம். அது உங்களுடையது என்று புத்திக்குத் தெரிகிறது. மற்றதற்கு இன்னும் தெரியவில்லை.

நேரில் வந்தால், உங்கள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து அவனைத் தேடிக்கொண்டிருப்பேன். அது உங்களுக்கும் நியாயம் இல்லை, போன் அடித்தால் திரும்பிப் பார்க்கும் உங்கள் வீட்டம்மாவுக்கும் இல்லை. சலவைக் கடை அம்மா என்னை இனி வரவேண்டாம் என்று சொன்னதன் அர்த்தம் இப்போதுதான் புரிகிறது.

நான் நன்றாகத்தான் இருக்கிறேன். அச்சகத்தில் வேலை குவிந்து கிடக்கிறது. அண்ணன் மகள் தினமும் கூப்பிட்டு, சாப்பிட்டாயா என்று கேட்கிறாள்; கேட்கச் சொல்லி நான்தான் கேட்டுக்கொண்டேன்.

இதற்கு நீங்கள் பதில் எழுதினால் நான் படிப்பேன். அதனால் எழுதாதீர்கள்.

நலமாக இருங்கள் இருவரும்.

பிழை திருத்துகிறவள்