ஹாய்ராவின் ஜன்னல் தாள்

சராயேவோ,
14 நவம்பர் 1999

அன்பு மகள் பெல்மாவுக்கு அம்மா எழுதுவது. இறைவன் புண்ணியத்தில் நான் நடமாடிக்கொண்டிருக்கிறேன், நீயும் மருமகனும் அந்த ஸ்வீடன் குளிரில் நோய்நொடி இல்லாமல் இருந்தால் அதுவே போதும். முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, களிம்பு அனுப்பாதே, பயனில்லை. ஓவியர்களுக்கும் சிற்பிகளுக்கும் இடம் கொடுத்து உதவுகிற அந்தச் சங்கத்தில்தான் இன்னும் கூடம் துடைத்துக் காபி போட்டுக்கொண்டிருக்கிறேன்.

போன வாரம் உன்னோடு படித்த என்வெர் அங்கே கண்காட்சி வைத்தான். சண்டையில் கண்ணாடி போன ஜன்னல்களில் நிவாரண பிளாஸ்டிக் தாள் அடித்திருந்தோமே, அவற்றை வீடு வீடாக வாங்கிச் சட்டம் போட்டு மாட்டினான். மாடிவீட்டு ஹாய்ராவின் தாளை நான்தான் கேட்டு வாங்கிக் கொடுத்தேன். திறப்பு விழாவன்று காலையில் அவள் பார்க்க வந்தாள். சண்டைக்காலத்தில் குண்டுகளுக்கு நடுவே அவள் மகன் ஆதெம் தண்ணீர் எடுக்கப் புறப்படும்போதெல்லாம் தாளின் ஓரத்தில் ஒரு கோடு போடுவானாம், கடைசியாகப் போனவன் திரும்பவே இல்லை. அந்த ஓரம் சட்டத்தில் அடங்கவில்லையென்று என்வெர் வெட்டிவிட்டிருந்தான். "ஏன்டா, வெட்டுறதுக்கு முன்னாடி என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?" என்றாள், சத்தம்கூடப் போடவில்லை. அவன் குப்பைக்கூடையைக் கவிழ்த்துத் தேடினான். முந்தின நாள் அலுப்பில் நான் குப்பையைக் கொட்டாமல் விட்டிருந்தேன், துண்டு கிடைத்தது. தாளையும் துண்டையும் வீட்டுக்கே கொண்டுபோகிறேன் என்றாள் ஹாய்ரா.

சங்கத் தலைவி வில்தானா, "சாயங்காலம் தூதரகத்துக்காரங்க வர்றாங்க ரஸியாக்கா, நாளைக்குக் குடுத்துடலாமே" என்று கெஞ்சினாள். அவளையும் குறை சொல்ல முடியாது, பணம் கொடுக்கிற அவர்கள் கைவிட்டால் சங்கத்தைப் பூட்ட வேண்டியதுதான். நான் ஏணியை இழுத்துப் போட்டேன். என்வெர் என்னை விலக்கிவிட்டுத் தானே ஏறிக் கழற்றினான். ஹாய்ராவின் சமையலறை மேஜையில் வைத்து ஒட்டினோம், மடிந்திருந்த ஓரத்தை நீவியபோது உள்ளே இன்னொரு கோடு இருந்தது. "கடைசி நாள் கோடு போடாமப் போயிட்டான்னே இத்தனை வருஷமா நெனச்சிட்டிருந்தேன்" என்றாள். பிறகு என்வெருக்குக் காபி வைத்தாள்.

சாயங்காலம் வந்தவர்கள் வெறும் சட்டத்தைப் பார்த்துவிட்டு நகர்ந்தார்கள். உதவி தொடருமா என்று இன்னும் பதில் வரவில்லை, எனக்கும் களைப்பாக இருக்கிறது மகளே.

அடுத்து என்வெர் சண்டைக்காலக் கடிதங்களைக் கண்காட்சியாக வைக்கப்போகிறானாம், நீ ஊரைவிட்டுப் போன பிறகு எனக்கு எழுதியவற்றைக் கேட்டான். பெல்மா சொல்லாமல் கடிதப் பெட்டியைத் திறக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். வேண்டாமென்றால் வேண்டாமென்றே எழுது, காரணம் சொல்ல வேண்டியதில்லை.

கம்பளி போட்டுக்கொள். இறைவன் உங்கள் இருவரையும் காக்கட்டும்.

உன் அம்மா
ரஸியா